ஈரலுக்குச் சொன்ன கேதம்

மதுரையில் அங்கயற்கண்ணி வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில், ஈரல் ஸ்டெம் செல்களை எந்த வேலைக்கும் நேரில் போய்ப் பத்திரிகை வைத்துத்தான் அழைக்க வேண்டும். போனில் சொன்னால் வராது. ஆள் விட்டுச் சொன்னால் அதைவிட மோசம், மூன்று தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை நின்றுவிடும். செல்லுக்கு ஒரு தலைமுறை ஒரு நாளில் முடிந்துவிடும்தான், ஆனாலும் மனத்தாங்கல் மனத்தாங்கல்தானே! ஆகவே அவள் தினமும் காலையில் இன்குபேட்டரைத் திறந்து, ஒவ்வொரு தட்டின் முன்னாலும் குனிந்து, மஞ்சள் தடவிய பத்திரிகையை வெற்றிலை பாக்கோடு வைத்து, "குடும்பத்தோட வந்துரணும்" என்பாள். அவையும் குடும்பத்தோடு வந்து புதுத் திசுவாக வளர்ந்து காட்டும். இந்த வேலையில் அவளை அடித்துக்கொள்ள ஊரில் ஆள் கிடையாது. அது அவளுக்கும் நன்றாகத் தெரியும்.

அன்றைக்கு மேஜைமேல் இருந்தது அவளுடைய அண்ணன் செண்பகராமனின் ஈரல்.

செண்பகராமன் பஸ் பட்டறையில் மெக்கானிக். தங்கமான மனுஷன், என்ன செய்ய, வேண்டாம் என்று சொல்லத் தெரியாது. எவனோ ஒருத்தன் முட்டிவலிக்கு லேகியம் உருட்டிக் கொடுத்தான், தின்றார். இன்னொருத்தன் இது அதைவிட நல்ல லேகியம் என்றான், அதையும் தின்றார். ஈரலில் பாதி வெந்துபோயிற்று. அதைக் கழற்றி எவர்சில்வர் தூக்கில் போட்டுத் தங்கச்சி கையில் கொடுத்துவிட்டு, சட்டைப் பட்டனைத் திறந்துபோட்டபடி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஈரல் இல்லாமல் ஒரு ஆள் பொழுது சாய்கிற வரைதான் தாங்குவான்.

"அதுக்குள்ள முடிஞ்சிருமா ஆத்தா?" என்று கேட்டார்.

"நான் இருக்கேன்ல. பேசாம உக்காருண்ணே."

வழக்கம்போலப் பத்திரிகை வைத்தாள். அண்ணன் ஈரல் என்பதால் கூட ஒரு சீப்பு வாழைப்பழமும் வைத்தாள். மதியம் ஆயிற்று, ஒரு செல்கூட வந்து எட்டிப்பார்க்கவில்லை. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தால், அத்தனையும் முதுகைக் காட்டிக்கொண்டு தட்டோடு ஒட்டிக் கிடந்தன. அங்கயற்கண்ணிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"உங்களுக்கு நான் என்ன குறை வெச்சேன்?"

ஓரத்தில் கிடந்த மூத்த செல் அரை மனசோடு திரும்பியது. "குறை எங்கம்மா வெச்ச? கூடுதலால்ல வெச்சிருக்க! அங்க ஒரு ஈரல் காயம்பட்டுக் கிடக்கு. கேத வீட்டுக்கு யாராவது மஞ்சள் தடவிப் பத்திரிகை வைப்பாங்களா? எங்கள என்ன பந்திக்கு வர்ற ஆளுகன்னு நெனச்சியா?"

அடி கூறுகெட்டவளே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். இத்தனை வருஷமும் அவள் செய்தது புதுத் திசு வளர்க்கிற வேலை, அது நல்ல காரியம். காயம் அப்படியில்லை, அது சாவு வீட்டுக் கேதம் மாதிரி. அதற்குச் சேதி மட்டும் சொல்ல வேண்டும், வாங்க என்று அழைக்கக்கூடாது. சேதி காதில் விழுந்தால் சண்டைக்காரன்கூட வந்து நிற்பான்.

ஆனால் கேதம் சொல்ல வேண்டுமானால் போய்விட்டது என்று வாயால் சொல்லியாக வேண்டும். சொல்லிவிட்டால் போனதுதான், அந்தப் பழைய ஈரல் இனி யாருடையதும் அல்ல. அங்கயற்கண்ணி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அண்ணனின் முகம் மஞ்சள் பூத்துக் கிடந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆள் ஏதோ சூரணப் பொட்டலத்தை நீட்டிக்கொண்டிருந்தான். அண்ணன் அதையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

இனி யோசிக்க ஒன்றுமில்லை. இன்குபேட்டருக்கு நாலடி தள்ளி நின்று, "எங்க அண்ணன் ஈரல் தவறிப்போச்சு" என்றாள். குரல் உடைந்தது, உடையட்டும் என்று விட்டுவிட்டாள். பதிலுக்குக் காத்திராமல், திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

அவள் மேஜைக்கு வந்து சேர்வதற்குள் பின்னாலேயே கூட்டம் வந்துவிட்டது. "அய்யோ, பொன்னான ஈரலே" என்று அலறிக்கொண்டு தட்டுத் தட்டாக இறங்கி வந்தன. வெந்த இடத்தைக் கட்டிப்பிடித்து அழுதன. கட்டிப்பிடித்த இடத்திலெல்லாம் சதை வைத்தது. வெயில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இறங்கும்போது ஈரல் முழுசாக, செக்கச்செவேலென்று கிடந்தது. செல்கள் போய்வருகிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்து, உப்புநீரில் தலை முழுகிவிட்டு அவரவர் தட்டுக்குள் போயின.

அண்ணனை உள்ளே கூப்பிட்டாள். நடை தள்ளாடியது.

"அழுது முடிச்ச ஈரலை அப்படியே எடுத்து மாட்ட முடியாதுண்ணே. இது புதுசாப் பொறந்தது."

"அப்ப வாயில இனிப்புத் தொட்டுச் சேனை வைக்கணுமே ஆத்தா."

"அத்தை நான் எதுக்கு இருக்கேன்?"

குளுக்கோஸ் பாட்டிலைத் திறந்து, சுண்டுவிரலில் ஒரு சொட்டு தொட்டு ஈரலின் ஓரத்தில் வைத்தாள். அது சப்புக்கொட்டியது. சேனை வைத்தவர் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்பதால், தன் குணம் போகட்டும் என்று நன்றாக அழுத்தியே வைத்தாள். செண்பகராமன் ஈரலை வாங்கி அதன் இடத்தில் பொருத்தி, பட்டனைப் போட்டார். முகத்தில் ரத்தம் ஊறியது. நேராக வெளியே போய், பெஞ்சில் இருந்தவன் மடியில் பொட்டலத்தைப் போட்டார்.

"இந்தாய்யா, நீயே தின்னு. எனக்கு வேணாம்."

வாசலில் நின்ற அங்கயற்கண்ணிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அவள் பிறந்ததிலிருந்து அந்த வாயில் கேட்காத வார்த்தை அது.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் நிற்க இடமில்லை. செண்பகராமன் ஜன்னலோரம் இருந்த இரண்டு பேரையும் பார்த்து, "எந்திரிங்கய்யா, பச்சை ஈரல் இருக்குல்ல" என்று அதட்டினார். இருவரும் எழுந்துகொண்டார்கள். கண்டக்டர் வந்து அவர் வயிற்றைக் குனிந்து பார்த்தார்.

"கைப்பிள்ளைக்கு டிக்கெட் வேணாம், பெரியவங்க ரெண்டு பேருக்கு எடுத்தாப் போதும். தூங்குது போல. ஜன்னலைச் சாத்திக்கங்கம்மா, ஊதக்காத்து ஆகாது."

அங்கயற்கண்ணி ஜன்னலைச் சாத்தினாள்.