ரெண்டு கீறல்

பதினாறு வருஷம் நான் ஹெல்பருதான். திண்டிவனத்துல எங்க பட்டறை போர்டுல அந்தோணி வெல்டிங் ஒர்க்ஸ்னு எங்க வூட்டுக்காரரு பேருதான் இருக்கும். கேட்டு, ஜன்னல் கிரில்லு, மாட்டுக் கொட்டாய்க்கு ஷெட்டுன்னு வர்ற வேலையில பாதி நான் போட்டது. ஆனா யாரு வந்தாலும் அண்ணன் இல்லயான்னு கேட்டுட்டு வெளியவே நின்னுக்கினு இருப்பாங்க. நான் அத தப்பா நெனைக்கல.

போன வருஷம் ஆடி மாசம் ஒலக்கூர் பக்கம் ஒரு ஷெட்டு மேல இருந்து அவரு விழுந்துட்டாரு. கீழ ஏணிய புடிச்சிக்கினு நாந்தான் இருந்தேன். அன்னிலருந்து எனக்கு அழுகையும் வரல, பசியும் சரியா தெரியல. பூசைக்கு போனேன், வந்தேன். கல்லறைக்கு போனேன், வந்தேன். அழுவு மேரி, அழுதா சரியாயிடும்னு எல்லாரும் சொன்னாங்க. வந்தாதான.

பட்டறைக்கு ஆளு வர்றது நின்னுபோச்சி. வானூர் பக்கம் டேங்க் செய்யற ஒரு கம்பெனியில வேல கேட்டு போனேன். சர்ட்டிபிகேட் கேட்டாங்க. இல்லன்னேன். அப்ப கிரைண்டிங்குக்கு ஹெல்பரா வாங்கன்னாங்க. அங்கயும் ஹெல்பரு. நான் வெல்டருங்கன்னு சொன்னேன். அந்த ஆளு கம்ப்யூட்டர பாத்துக்கினே தலைய ஆட்டுனாரு.

எம்பொண்ணு இசைவாணிதான் போன்ல தேடி கண்டுபுடிச்சிது. விழுப்புரத்துல மூணு மாசம் பயிற்சி, கடைசியில டெஸ்ட்டு, பாஸ் பண்ணா வெல்டர்னு கார்டு. டெஸ்ட்டு ரெண்டு வாட்டிதான் எழுத வுடுவாங்க. ரெண்டுலயும் போச்சின்னா அவ்ளோதான், வூட்டுக்கு போவ வேண்டிதுதான். என் பேர பதிஞ்சி வுட்டுச்சி.

கிளாஸ்ல பதினெட்டு பேரு, நான் ஒருத்திதான் பொம்பள. மத்தவங்க எல்லாம் எம்பொண்ணு வயசு. சொல்லித்தர்றவரு கோகுலகிருஷ்ணன் சார், முப்பத்தஞ்சி வயசு இருக்கும். மொத நாளு என் கைய பாத்துட்டு, மேரிம்மா ஒங்களுக்கு சொல்லித்தர ஒன்னும் இல்லன்னாரு. மறுநாளே அத வாபஸ் வாங்கிட்டாரு.

விஷயம் என்னன்னா, எங்க பட்டறையில வெல்டிங் ராடு பாக்கெட்டு பிரிச்சது பிரிச்சபடி கெடக்கும். மழ காலத்துல நமுத்துப்போவும். நமுத்த ராடு லேசுல பத்தாது. அதனால எங்க வூட்டுக்காரரு, போடற எடத்துக்கு பக்கத்துல இரும்பு மேல சர்ரு சர்ருன்னு ரெண்டு தடவ கீறுவாரு. முனை சூடாயி நெருப்பு வந்ததும் அப்பிடியே உள்ள எறக்குவாரு. நானும் அதையே புடிச்சிக்கினேன். கேட்டுல அது ஒரு தப்பும் இல்ல. பெயிண்ட் அடிச்சா மறைஞ்சிடும்.

இங்க டெஸ்ட்டு பைப்புல. அதுல கீறறது ஆவாதாம். கீறன எடத்துல இரும்பு கெட்டுப்போவும், உள்ள பிரஷர் ஏறுனா அங்கருந்துதான் வெடிப்பு வுடும்னு சார் சொன்னாரு. ராடு எல்லாம் இங்க சூடு பொட்டியில வச்சிருக்காங்க, கீறவே வேணாம். ரெண்டு பைப்புக்கு நடுவுல இருக்கற சந்துக்குள்ளயேதான் பத்த வைக்கணும். வெளிய ஒரு பொட்டு பட்டாலும் பெயிலு.

"மேரிம்மா, பைப்புல கோலம் போடாதீங்க"ன்னு தினம் பத்து வாட்டி சொல்லுவாரு. யக்கா நாளைக்கு பூசணிப்பூவும் கொண்டாங்கன்னான் ஒருத்தன். பசங்க சிரிச்சானுங்க. சிரிக்கற எடம்னு தெரிஞ்சிது, நானும் சிரிச்சேன்.

டெஸ்ட்டு அன்னிக்கி வெளியிலருந்து வெங்கடாசலம்னு ஒரு இன்ஸ்பெக்டரு வந்தாரு. பைப்ப சாய்வா கட்டி வச்சிருந்தாங்க. அத திருப்பக்கூடாது, நாமதான் குனிஞ்சி நிமிந்து சுத்தி வரணும். ரெண்டு மணி நேரம் ஆச்சி. நல்லா வந்துச்சி, எனக்கே தெரியும். அவரு டார்ச் அடிச்சி பாத்தாரு. தலைய ஆட்டிக்கினே வந்தவரு ஒரு எடத்துல நின்னாரு. பாக்கெட்டுலருந்து மஞ்ச சாக்பீசு எடுத்து வட்டம் போட்டாரு. வட்டத்துக்குள்ள பக்கத்து பக்கத்துல ரெண்டு கீறல்.

எப்ப கீறனேன்னே எனக்கு தெரியல. மூஞ்சி மேல ஷீல்டு எறக்கிட்டா உள்ள இருட்டு. கை செஞ்சிருக்குது.

"வெல்டு சுத்தமா இருக்குதும்மா. இது யாரு பழக்கம்?"னு கேட்டாரு.

"எங்க வூட்டுக்காரரு பழக்கம் சார்."

"அவரையும் ஒரு நாளு இங்க அனுப்புங்க. நான் வுட வைக்கறேன்."

கோகுலகிருஷ்ணன் சார் அவரு காதுகிட்ட போயி மெதுவா என்னமோ சொன்னாரு. அப்பறம் இன்ஸ்பெக்டரு என் மூஞ்ச பாக்காமலே பேப்பர்ல எழுதுனாரு.

அடுத்த டெஸ்ட்டுக்கு மூணு வாரம் இருந்துச்சி. சார் என்ன வெல்டு போடவே வுடல. ராடு முனைய சந்துக்குள்ள வச்சிட்டுதான் ஷீல்ட எறக்கணும், பத்த வைக்கணும், அணைக்கணும். ஒரு நாளைக்கு நூறு வாட்டி. ரெண்டாவது வாரத்துல கை வெளிய போவாம நேரா உள்ள போச்சி. சாருக்கு ஒரே சந்தோஷம், டீ வாங்கி குடுத்தாரு. அன்னிக்கி பஸ்ல வர்றப்போ, எதையோ எங்கயோ வச்சிட்டு மறந்துட்டு வர்றாப்பல இருந்துச்சி. பைய தொறந்து பாத்தேன். எல்லாம் இருந்துச்சி. கூட்டேரிப்பட்டு தாண்டறதுக்குள்ள அதுவும் போயிடுச்சி.

ரெண்டாவது வாட்டியும் அதே இன்ஸ்பெக்டருதான். சாக்பீச எடுக்கவே இல்ல. பைப்ப பட்ட பட்டயா அறுத்து வளைச்சி பாத்தாங்க. எங்கயும் வெடிப்பு வுடல. கார்டுல இருதயமேரி, வெல்டர்னு போட்டு குடுத்தாங்க. அதே வானூர் கம்பெனியில திங்கக்கெழம வரச் சொல்லிட்டாங்க. இசைவாணி கார்ட கையில வச்சிக்கினு அழுதுச்சி. நான் சோறு போட்டேன்.

ஞாயித்துக்கெழம எதிர்வூட்டு வீரம்மாள் அக்கா வந்தாங்க, அவங்க வூட்டு கேட்டுல கொண்டி வுட்டுப்போச்சின்னு. பட்டறைய தொறந்தேன். ஒரு வருஷமா கெடந்த ராடு, நேரா வச்சா பத்தாம ஒட்டிக்கினுச்சி. ரெண்டு தடவ கீறனா பத்தும். கைய பக்கத்துல கொண்டுபோனேன். அது மறுபடி சந்துக்குள்ளயேதான் போவுது. வூட்டுக்குள்ள போயி தோசக்கல்ல அடுப்புல வச்சி, ராட அதுமேல போட்டு காய வச்சேன். பதினாறு வருஷத்துல எங்க ரெண்டு பேருக்கும் இது தோணவே இல்ல.

"ராடுல தோச சுடறியா மேரி"ன்னாங்க அக்கா.

காஞ்ச ராடு ஒடனே பத்திக்கினுச்சி. கொண்டி ஒக்காந்துச்சி. அண்ணன் போட்டாப்பலயே இருக்குதுன்னு அக்கா சொன்னாங்க. இல்ல. அந்த கேட்டு நாங்க ரெண்டு பேரும் போட்டது. பெயிண்ட் உரிஞ்ச எடத்துல எல்லாம், ஒவ்வொரு இணைப்புக்கும் பக்கத்துல ரெண்டு கீறல் தெரிஞ்சிது. நான் போட்ட கொண்டிக்கு பக்கத்துல மட்டும் இல்ல.

குந்திக்கினு ஒவ்வொன்னா பாத்தேன். எது அவரு கீறனது, எது நான் கீறனதுன்னு தெரியல. எல்லாத்துலயும் துரு ஏறியிருந்துச்சி.

கொண்டிக்கு மட்டும்தான் பெயிண்ட் எடுத்துக்கினு போனேன். டப்பாவுல மீந்தத வச்சி அந்த கீறலுக்கு எல்லாம் ஒரு கை அடிச்சி வுட்டுட்டு வந்தேன். மறுநாளு காலையில ஏழு மணிக்கு பஸ்ஸு.