முட்டை ஒளிந்திருந்த வாழைப்பழம்

சலூன்காரருக்குத் தன் தொழிலில் ஒரே ஒரு விஷயத்தில் கர்வம் உண்டு. மற்ற கடைகளில் கத்திரியைக் கண்டதுமே ஊரைக் கூட்டுகிற பிள்ளைகள், இவருடைய நாற்காலியில் சமர்த்தாக உட்காரும். பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. "அங்க பாரு, குருவி!" என்பார். பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பும். அதற்குள் காதோர முடி தரையில் கிடக்கும். குருவி எங்கே என்று எந்தப் பிள்ளையும் இதுவரை அவரைக் கேட்டதில்லை. "ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும்" என்று வேறு பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

இந்தப் பாச்சா வீட்டில் பலிக்கவில்லை. அவருடைய இரண்டரை வயது மகள் பாலையும் பிஸ்கட்டையும் தவிர வேறு எதையும் லேசில் வாய்க்குள் விடமாட்டாள். தட்டில் வைத்ததை முகர்ந்து பார்ப்பாள், விரலால் குத்திப் பார்ப்பாள், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரே சொல்லில் தீர்ப்பு வழங்குவாள்: "வேணாம்." மேல்முறையீடு கிடையாது. அப்பா அவளுக்கு ஜட்ஜம்மா என்றே பெயர் வைத்துவிட்டார். அம்மா ஊட்டினால் மட்டும், அதுவும் ஜட்ஜம்மா மனசு வைத்தால், நாலு வாய் இறங்கும்.

"எடையெல்லாம் சரியாத்தான் இருக்கு. சும்மா மல்லுக்கட்டாதீங்க" என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார். அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போவார்.

சிக்கல் என்னவென்றால், அம்மா பஸ் ஓட்டுகிறவள். பிள்ளை பிறந்ததிலிருந்து விடுப்பில் இருந்தாள். வேறு யாராவது ஓட்டும் பஸ்ஸில் போகும்போதுகூட வளைவு வந்தால் அவள் வலது கால் தானாக பிரேக்கைத் தேடும். இப்போது டிப்போவில் கூப்பிட்டுவிட்டார்கள். திங்கட்கிழமை சேர வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். விடியுமுன் கிளம்பினால் மதியத்துக்கு மேல்தான் வீடு. காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் அப்பா பொறுப்பு. அதற்கு முன்பே பழக்கிவிட வேண்டும் என்று அந்த வாரமே ஆரம்பித்தார்.

அப்பா தனக்குத் தெரிந்த வித்தையைத்தானே காட்டுவார்? மகள் கழுத்தில் சலூன் துணியைக் கட்டினார். "அங்க பாரு, ஏரோப்ளேன்!" என்றார். அவள் வாயைப் பிளந்து அண்ணாந்த நேரம் பார்த்து ஸ்பூனைச் செருகினார். இரண்டு நாள் ஓடியது. பிறகு ஜட்ஜம்மா ஏரோப்ளேனைத் தேடாமல் அப்பாவின் கையைத் தேட ஆரம்பித்தாள். சரி, வேறு வழி பார்ப்போம் என்று ஒரு வாழைப்பழத்தை நேர்த்தியாகக் குடைந்து, உள்ளே வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவை அடைத்து, வெட்டுத் தெரியாமல் மூடினார். மனுஷனுக்குக் கை அப்படி. அவள் கடித்தாள். நிறுத்தினாள். உள்ளங்கையில் துப்பி, அந்த மஞ்சளைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரைப் பக்கம் வருமா? அன்றிலிருந்து எந்தப் பழமானாலும் பிய்த்து உள்ளே பார்த்த பிறகுதான். பிஸ்கட்டைக்கூட உடைத்துச் சோதனை போட்டாள். அப்பா "அங்க பாரு" என்றால் போதும், இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மனைவி பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "நாளைக்கு டிப்போவுல வண்டி ஓட்டிக் காட்டச் சொல்லியிருக்காங்க. போயிட்டு வரேன். ஆனா சாயங்காலம் போன் பண்ணி, வேணாம்னு சொல்லிடலாம்னு இருக்கேன்."

"ஏன்? நான் பாத்துக்கமாட்டேனா?"

"ஓங்க கையப் பாத்தாலே வாயப் பொத்தறா. அவளப் பட்டினி போட்டுட்டு நான் எப்படிங்க ஸ்டியரிங்கப் பிடிக்கறது?"

அவருக்குச் சுருக்கென்றது. மனைவி அந்த வேலைக்காக எவ்வளவு பாடுபட்டாள் என்று அவருக்குத் தெரியும். அது தன் கையால் கெடப்போகிறது என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

சனிக்கிழமை மகளைக் கடைக்கு அழைத்துப் போனார். காலியான தண்ணீர் பாட்டில் ஒன்றைக் கொடுத்து பெஞ்சில் உட்கார வைத்தார். பதினொரு மணி வாக்கில் ஒரு பெண், தன் நாலு வயதுப் பிள்ளையோடு வந்தாள். நாற்காலிக் கைகளுக்குக் குறுக்கே பலகையைப் போட்டுப் பிள்ளையைத் தூக்கி உட்காரவைத்தார். ஒரு பக்கம் வெட்டி முடித்தாயிற்று. மறுபக்கம் போய், வழக்கம்போல, "அங்க பாரு, குருவி!" என்றார்.

பெஞ்சிலிருந்து ஒரு அலறல் வந்தது. "பாக்காத! பாக்காத!"

ஜட்ஜம்மா எழுந்து நின்று, இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்தி அந்தப் பிள்ளைக்குச் செய்து காட்டினாள். அது குருவியை விட்டுவிட்டுத் திரும்பியது, காதருகே கத்திரியைப் பார்த்தது, வீறிட்டது.

பிள்ளையின் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளுன்னு சும்மாவா சொன்னாங்க, அண்ணே?"

சலூன்காரரும் சிரித்துவைத்தார். ஆனால் உள்ளுக்குள் ஏதோ உடைந்துவிட்டது. முன்பின் தெரியாத ஒரு பிள்ளையைத் தன் மகள் தன்னிடமிருந்து காப்பாற்றப் பார்க்கிறாள். இதைவிட ஒரு தகப்பனுக்கு என்ன வெட்கம் வேண்டும்?

பாதித் தலையோடு பிள்ளையை அனுப்பவும் முடியாது. கத்திரியை அதன் முகத்துக்கு நேரே, கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். "இது கத்திரி. குருவி ஒண்ணும் இல்ல. இந்தப் பக்கம் வெட்டப் போறேன், கண்ணாடியில பாத்துட்டே இரு. நிறுத்துன்னு சொன்னா நிறுத்திடறேன்." பிள்ளை விறைத்துக்கொண்டு உட்கார்ந்தது. மூன்று முறை நிறுத்தச் சொன்னது. மூன்று முறையும் நிறுத்தினார். வெட்டி முடிக்க இரண்டு மடங்கு நேரம் ஆனது. மகள் பெஞ்சிலிருந்து கண் கொட்டாமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதியம் கதவைச் சாத்திவிட்டு, தரையில் துணி விரித்து டப்பாக்களைத் திறந்தார். வேகவைத்த உருளைக்கிழங்கு, முட்டை, கேரட். "இது முட்டை. அன்னிக்கு வாழைப்பழத்துல இதத்தான் ஒளிச்சு வெச்சேன். இனிமே ஒளிக்கமாட்டேன், தாயி. வேணும்னா எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டு, தன் பாட்டுக்குச் சாப்பிட ஆரம்பித்தார். ஊட்டச் சொல்லி, சும்மா இருந்த இடது கை பரபரத்தது. அதைத் தொடைக்கு அடியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

அவள் ஒரு கிழங்கை எடுத்தாள். பிட்டாள். மறுபடி பிட்டாள்.

"உள்ள?"

"உள்ளயும் கிழங்குதான்."

ஒரு துண்டை அப்பாவின் வாயில் திணித்தாள். "ஆ காட்டு" என்று சொல்லி, விழுங்கிவிட்டாரா என்று சரிபார்த்தாள். பிறகு இன்னொரு துண்டைத் தன் வாயில் போட்டாள். மென்றாள். வெளியே எடுத்துப் பார்த்தாள். திரும்பவும் போட்டுக்கொண்டாள். அவர் மூச்சுவிடவும் பயந்து உட்கார்ந்திருந்தார்.

முட்டையைத் தொட்டாள். "வேணாம்."

"சரி" என்றார். அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். அவள் அவரை ஒரு கணம் ஆச்சரியமாகப் பார்த்துவிட்டு இன்னொரு கிழங்கை எடுத்தாள்.

அப்போதுதான் கதவு திறந்தது. சீருடையோடு மனைவி. "பாஸாயிட்டேன்" என்றாள். ஆனால் குரலில் களையே இல்லை. பிறகு மகளின் கன்னத்தில் அப்பியிருந்த கிழங்கைப் பார்த்தாள்.

"யாரு ஊட்டுனா?"

"யாரும் ஊட்டல."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நாளைக்கே மறுபடி மாட்டேன்னா?"

"மாட்டேன்னா மாட்டாதான். நான் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டுட்டிருப்பேன். பசிச்சா வருவா. நீ போய் வண்டிய எடு."

அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு போனை எடுத்து டிப்போவுக்கு அடித்தாள். மறுமுனையில் எடுப்பதற்குள் மகள் எழுந்து வந்தாள். கையிலிருந்த கிழங்கைப் பிட்டு, இரண்டு பாதிகளையும் அம்மாவிடம் நீட்டி, "பாரு" என்று உள்பக்கத்தைக் காட்டினாள். அம்மா நன்றாகப் பார்த்தாள். அதன் பிறகே ஒரு பாதி அம்மாவின் வாய்க்குள் போனது.

"ஹலோ? யாரு? ஹலோ?" என்றது போன்.

அவளால் பேச முடியவில்லை. வாய் நிறையக் கிழங்கு, கண் நிறையத் தண்ணீர்.

"என்னம்மா, வரியா இல்லையா? ஏதாவது சொல்லு!"

மென்று விழுங்கிவிட்டுச் சொன்னாள்: "வரேன் சார். திங்கக்கிழமை மொத வண்டிய எனக்கே போடுங்க."