பின்பக்கத்து மூன்று முளைகள்

கூடாரம் இன்றும் பின்பக்கமாகவே சரிந்து கிடந்தது. முன்கம்பம் நட்டது நட்டபடி நின்றது. ஈரத்தில் கனத்துப் போன துணிக்கு அடியிலிருந்து மூன்று பெண்களும் ஒருவர் பின் ஒருவராகத் தவழ்ந்து வெளியே வந்தார்கள்.

சுகுணா குடையை விரிக்கவும் மறந்து, மழைத் தூறலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பெரார்கஞ்சில் பள்ளிக்கூட ஆசிரியை. இயற்பியல் எடுப்பவள். சாரணியர் குழுவுக்குக் கேப்டனும் அவள்தான். ஒரு பொருள் ஏன் நிற்கிறது, ஏன் விழுகிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவளுக்கு, இந்தக் கூடாரம் ஏன் விழுகிறது என்று மட்டும் பிடிபடவில்லை.

அந்த ஆண்டு உலகத்துச் சாரணர்களெல்லாம் ஸ்வீடனில் கூடுகிறார்கள். அந்த ஜாம்போரிக்குத் தீவுகளிலிருந்து மூன்று பெண்களை அனுப்பலாம் என்று பேச்சு. பேச்சுதான், முடிவில்லை. போர்ட் பிளேரிலிருந்து ராஜமாணிக்கம் என்கிற சாரணர் இயக்க அதிகாரி ஞாயிறு காலை வந்து பார்ப்பார். பெண்கள் தாங்களே கட்டி, தாங்களே இரவு தங்கிய கூடாரம் அப்போது நின்றுகொண்டிருக்க வேண்டும். சொந்த ஊர் மழையில் நிற்காத கூடாரத்தோடு உங்களைக் கடல் தாண்டி அனுப்ப மாட்டேன் என்று அவர் போனில் சொல்லியிருந்தார். கோபமாகச் சொல்லவில்லை. நிதானமாகத்தான் சொன்னார்.

மே மாத விடுமுறை. மழை முன்கூட்டியே பிடித்துக்கொண்டது. பெண்கள் வயலை ஒட்டிய பள்ளித் திடலில் தங்கினார்கள். சுகுணா ராத்திரியில் பள்ளி அறையொன்றில் படுத்து, பகலில் வீட்டுக்குப் போய் வந்தாள்.

முதலில் அவள் கயிற்றைச் சந்தேகப்பட்டாள். பருத்திக் கயிறு நனைந்தால் இழைகள் உப்பும், உப்பினால் நீளம் குறையும். குறைகிற கயிறு முளையைப் பிடுங்கும். ஆகவே படுக்கப் போகும் முன் கயிறுகளையெல்லாம் கொஞ்சம் தளர்த்தச் சொன்னாள். கூடாரம் விழுந்தது. அடுத்து மண். வயலோரத்துக் களிமண் மழையில் வெண்ணெய் மாதிரி இளகிவிடும், குட்டை முளை அதில் நிற்காது என்று, தச்சரிடம் சொல்லிப் படாக் என்கிற கெட்டி மரத்தில் முழ நீள முளைகள் செதுக்கி வாங்கினாள். நேராக அடிக்காமல் கயிறு இழுக்கும் திசைக்கு எதிராகச் சாய்த்து அடிக்க வைத்தாள். அப்போதும் விழுந்தது.

"பன்னியாத்தான் மிஸ் இருக்கும். கச்சால்ல எங்க வீட்டுப் பின்னாடி இப்பிடித்தான் வந்து நோண்டும்" என்றாள் இந்திராணி. இலங்கை மலைத் தோட்டங்களிலிருந்து வந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேறியவர்கள் அவள் குடும்பத்தார். சுனாமிக்குப் பிறகு அங்கே இருக்க மனமில்லாமல் பெரார்கஞ்சுக்கு வந்துவிட்டார்கள்.

"அரே, பன்னிக்கு வேற காம் இல்லையா? கரெக்டா நம்ம டென்ட்டத் தேடி வருதாக்கும்" என்றாள் ரூபா. போர்ட் பிளேரில் டெய்ரி ஃபார்ம் என்கிற பகுதியில் வளர்ந்தவள், இந்தி கலந்து பேசும் வாயாடி, அணித்தலைவி.

மூன்றாமவள் பானு ஈரப் போர்வையைப் பிழிந்துகொண்டிருந்தாள். தெற்குக் கோடித் தீவில், கேம்பல் பேயில் குடியேறிய முன்னாள் ராணுவத்தார் ஒருவரின் மகள். டெய்ரி ஃபார்மில் அத்தை மரகதத்தின் வீட்டில் தங்கிப் படிக்கிறாள். அவளாக வாய் திறப்பது அபூர்வம்.

சுகுணா அன்று முளை பிடுங்கிய குழிகளுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள். காற்று இழுத்துப் பிடுங்கும் முளை முதலில் ஆடும். ஆட ஆடக் குழியை ஒருபக்கமாகக் கிழித்து நீளமாக்கிவிட்டுத்தான் வெளியே வரும். பக்கவாட்டில் இருந்த குழிகள் அப்படித்தான் கிழிந்திருந்தன. ஆனால் பின்சுவரின் அடியைப் பிடித்திருந்த மூன்று முளைகளின் குழிகள், இடது மூலை, நடு, வலது மூலை மூன்றுமே, உருண்டையாகச் சுத்தமாக இருந்தன. முளைகள் குழிக்குப் பக்கத்திலேயே, துணியின் உள்பக்கமாகக் கிடந்தன.

காற்றுக்குக் கை கிடையாது. யாரோ பிடுங்கியிருக்கிறார்கள். அதுவும் உள்ளேயிருந்து.

விழுந்த விதமும் இப்போது புரிந்தது. விடியும் நேரத்தில் கடலிலிருந்து ஒரு காற்று எழும். கூடாரத்தின் முதுகு அந்தக் காற்றைப் பார்த்தபடிதான் இருக்க வேண்டும், வாசல் மறுபக்கம். பின்சுவரின் அடி விட்டிருந்தால் காற்று உள்ளே நுழைந்து துணியைக் குடை மாதிரி தூக்கும். தூக்கும்போது மற்ற முளைகளும் ஆடி ஆடிக் கழன்றுவிடும். எப்படி என்பது விளங்கிவிட்டது. யார், ஏன் என்பதுதான் மிச்சம். அது இயற்பியல் இல்லை.

மத்தியானம் வீட்டுக்குப் போனபோது சுகுணாவின் இரண்டு கையிலும் ஈரத் துணிகள். வழக்கம்போல் சமையலறையின் பின்கதவை முழங்கையால் தள்ளித் திறந்து உள்ளே போனாள். அந்தக் கதவுக்குத் தாழ் உண்டு, போடுவதில்லை. பூனை வந்து பாலைக் குடித்துவிட்டுப் போகிறது என்று கணவன் ஸ்ரீதர் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டான். காற்று வரட்டுமே என்பாள் அவள். அன்றும் பூனை வந்து போயிருந்தது. அவள் கவனம் அதில் இல்லை. மூன்று பெண்களின் முகத்தையும் மாற்றி மாற்றி நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நினைப்பு பானுவிடம் போய் நின்றது. நடுவில் படுப்பவள் அவள். ராத்திரியில் புரண்டுகொண்டே இருக்கிறாள் என்று ரூபா ஒருமுறை சொல்லியிருக்கிறாள். கேம்பல் பேயில் அந்த டிசம்பர் காலையில் அவள் என்ன பார்த்தாள் என்று யாரும் கேட்டதில்லை. எட்டு வயதில் பார்த்தது பதினைந்து வயதில் கையை ஆட்டிவைக்காது என்று எப்படிச் சொல்வது? பாவம்தான். ஆனால் ஸ்வீடனில் நாற்பதாயிரம் பேருக்கு நடுவில் கூடாரம் விழுந்தால்? ஒரு பெண்ணுக்காக மற்ற இருவரும் போக முடியாமல் ஆனால்?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் பானுவைத் தனியே கூப்பிட்டு, உடம்பு களைத்திருக்கிறாய், இன்று அத்தை வீட்டில் போய்த் தூங்கு, மற்றதை நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்றாள். பானு நேராகவே கேட்டாள்.

"என்னை டீம்லேர்ந்து எடுத்துட்டீங்களா மிஸ்?"

இல்லை என்று சட்டென்று சொல்ல சுகுணாவுக்கு வரவில்லை. அந்தத் தயக்கத்தையே பதிலாக எடுத்துக்கொண்டு பானு பையைத் தூக்கித் தோளில் போட்டாள், பேருந்துக்கு நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் சுகுணா வாரிச் சுருட்டிக்கொண்டு திடலுக்கு ஓடினாள். கூடாரம் நின்றது. ஆனால் ஒழுங்காக நிற்கவில்லை. முதுகு தொய்ந்து, கிழட்டு மாடு மாதிரி ஒருபக்கமாக இடுப்பைச் சாய்த்து நின்றது. பின்பக்கம் போய்ப் பார்த்தாள். நடு முளை அசையாமல் இருந்தது. இரண்டு மூலை முளைகளும் பிடுங்கிக் கிடந்தன. குழிகள் உருண்டையாக, சுத்தமாக.

பானுவின் தலைமாட்டில் இருந்த முளை பத்திரமாக இருக்கிறது. இந்திராணியின் தலைமாட்டில் இருந்ததும் ரூபாவின் தலைமாட்டில் இருந்ததும்தான் இல்லை.

இருவரையும் கூப்பிட்டாள். குழியைக் காட்டினாள். இந்திராணி தரையைப் பார்த்தாள்.

"நான் ஒண்ணே ஒண்ணுதான் மிஸ் புடுங்குவேன்" என்றாள். "அதுவும் காலையில திருப்பி அடிச்சிரலாம்னுதான்."

ரூபா அவள் பக்கம் திரும்பினாள்.

"நீயுமா?" என்றாள்.

பிறகு மெல்ல மெல்லத்தான் வெளியே வந்தது. கூடாரத்துக்கு ஒரே வாசல். பின்பக்கத்தில் முன்பு ஒரு திறப்பு இருந்திருக்கிறது. மழை உள்ளே அடிக்கிறதென்று யாரோ எப்போதோ சணல் போட்டு அதைத் தைத்துவிட்டார்கள். வாசல் கால்மாட்டில், தலை இருப்பது அடைத்த பக்கம். விளக்கை அணைத்த பிறகு அந்த அடைப்பு முகத்தின் மேல் ஏறுகிறது. கையைத் துணிக்கு அடியில் விட்டு முளையைத் தளர்த்தி, துணியைக் கொஞ்சம் தூக்கி, வெளியே போக வழி இருக்கிறது என்று விரல் தெரிந்துகொண்ட பிறகுதான் தூக்கம் வருகிறது. மற்ற இரண்டு பேரும் தைரியசாலிகள், தான் ஒருத்திதான் இப்படி என்று ஒவ்வொருத்தியும் நினைத்து வெட்கப்பட்டு, மற்றவர்கள் தூங்கியதும் செய்திருக்கிறாள். நிலநடுக்கத்தில் டெய்ரி ஃபார்ம் வீட்டின் முன்கதவு இறுகிக்கொண்டு திறக்காமல் போனதை ரூபா அன்றுதான் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னாள்.

"விழுதுன்னு தெரிஞ்சும் ஏன்டி?" என்று கேட்டாள் சுகுணா.

"நீங்கதானே மிஸ் சொன்னீங்க" என்றாள் இந்திராணி. "முத நாள் டென்ட்டு கட்டுறப்ப, பின்னாடி ஒண்ணப் புடுங்கிக் காட்டி, ஒண்ணு போனாலும் மத்த ரெண்டும் தாங்கிக்கும்னு. அதனால என்னுதால விழலன்னு நெனச்சேன்."

சுகுணாவுக்கு நினைவு வந்தது. பெருமையாகச் செய்து காட்டிய சோதனை அது. ஒரு முளை போனால் மற்ற இரண்டும் அதன் சுமையைப் பங்கிட்டுக்கொள்ளும். பாடம் சரியான பாடம்தான். மூன்று பேரும் அதை நம்பி ஆளுக்கு ஒன்றைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்று பாடத்தில் இல்லை.

திட்ட நினைத்து வாயைத் திறந்தவளுக்கு, கையில் துணியோடு முழங்கையால் தள்ளிய தன் வீட்டுப் பின்கதவு நினைவுக்கு வந்தது. அந்த நிலநடுக்கத்துக்குப் பிறகு ஏழு வருஷமாகத் தாழ் போடாத கதவு. காற்றுக்காக இல்லை. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

இனி முளையில் கை வைக்காதீர்கள் என்று சத்தியம் வாங்கலாம். வாங்கினால் கூடாரம் நிற்கும், பெண்கள் தூங்க மாட்டார்கள். ஸ்வீடனிலும் தூங்க மாட்டார்கள். பின்பக்கத்தைத் திறந்தே போட்டால் காற்று தூக்கிவிடும். ராத்திரி முழுக்க இறுக்கமாக மூடியிருக்க வேண்டும், வேண்டும்போது ஒரே இழுப்பில் திறக்கவும் வேண்டும். அப்படி எது மூடும்? கையில் இருப்பது இன்றைய ஒரு பகல்தான்.

காலைக் கஞ்சிக்கு அரிசி தீர்ந்திருந்தது. மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்த புது மூட்டையைப் பிரிக்க இந்திராணி வாய்த் தையலின் முனையைத் தேடிப் பிடித்து இழுத்தாள். சர்ரென்று ஒரே இழுப்பில் தையல் முழுவதும் கழன்று நூலாகக் கையில் வந்தது.

அத்தனை கப்பல் ஏறி இறங்கி, எத்தனையோ பேர் தூக்கிப் போட்டும் பிரியாத வாய்.

"அந்த நூலக் கொண்டா" என்றாள் சுகுணா.

மூட்டைத் தையலில் முடிச்சே கிடையாது. ஒவ்வொரு கண்ணியும் முந்திய கண்ணிக்குள் நுழைந்து அதைப் பிடித்துக்கொள்கிறது. கடைசிக் கண்ணியைப் பிடித்துக்கொள்ளத்தான் ஆளில்லை. அதை ஏதாவது ஒன்று பிடித்திருக்கும்வரை மூட்டை திறக்காது. அதை விட்டுவிட்டால் வரிசையாக எல்லாம் விட்டுவிடும்.

சுகுணா முதலில் மரகதத்துக்குப் போன் செய்தாள். பானுவிடம் கொடுக்கச் சொன்னாள். நடந்ததைச் சொல்லி, உன்னைக் குழுவிலிருந்து நீக்கவில்லை, நீக்க நினைத்தது என் தப்பு, அடுத்த பேருந்தில் வா என்றாள்.

"ரெண்டு பேருமா மிஸ்?" என்றாள் பானு.

"ரெண்டு பேரும். நானும்தான். வா, சொல்றேன்."

பகல் முழுவதும் நாலு பேரும் குனிந்த தலை நிமிரவில்லை. பானு வந்ததும் ஊசியை வாங்கிக்கொண்டாள். அவள் தையல்தான் நேராக இருந்தது. தீவில் சீக்கிரமே இருட்டிவிடும், அதற்குள் முடித்து, மூன்று பெண்களும் உள்ளே படுத்துக் கண்ணை மூடிக்கொண்டே புதுத் திறப்பைப் பிரித்துப் பழகினார்கள். பானு மூன்று தடவை திறந்து பார்த்தாள். நாலாவது தடவை தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துவிட்டாள்.

அன்று ராத்திரி சுகுணாதான் தூங்கவில்லை. விடியும் நேரத்துக் காற்று அன்றைக்கென்று ஓலைகளைப் பிய்த்துக்கொண்டு வீசியது. போய்ப் பார்க்கப் பயந்து, சத்தத்தை மட்டும் கேட்டபடி உட்கார்ந்திருந்தாள்.

ராஜமாணிக்கம் வந்தபோது கூடாரம் விறைத்து நின்றது. மூன்று பெண்களும் முகம் கழுவி, தூங்கி எழுந்த கண்களோடு வரிசையில் நின்றார்கள். அவர் சுற்றி வந்து முளைகளைக் காலால் தட்டிப் பார்த்தார். பின்னால் போய் நின்றார்.

"நடுவுல ஒரு முளையக் காணமே?"

"நாங்களே எடுத்துட்டோம் சார்" என்றாள் ரூபா. பானு உள்ளே போய் எதையோ இழுத்தாள். பின்சுவர் அடியிலிருந்து உச்சிவரை இரண்டாகப் பிரிந்தது, பானு அதன் வழியே வெளியே வந்து அவர் முன்னால் நின்றாள். அவர் அவளையும் திறப்பையும் பார்த்தார். அவருக்கும் தீவில்தான் வீடு.

"அங்க போயும் இப்பிடியே கட்டுங்க" என்றார்.

கட்டும் முறை இதுதான். பின்பக்கத்துச் சணல் தையலைப் பிரித்துவிட வேண்டும். ஒரு மடிப்பில் மேலிருந்து கீழாகக் கயிற்றுக் கண்ணிகளும், எதிர் மடிப்பில் அவற்றுக்கு நேராகத் துளைகளும் இருக்க வேண்டும். உச்சியில் தொடங்கி, ஒவ்வொரு கண்ணியையும் துளை வழியாக உள்ளே இழுத்து, அதற்கு மேலே உள்ள கண்ணிக்குள் நுழைத்துக்கொண்டே இறங்க வேண்டும். தரையோரம் வரும் கடைசிக் கண்ணியில், உள்பக்கமாக, விரல் நீளக் குச்சி ஒன்றைச் செருக வேண்டும். இரண்டு மூலை முளைகளையும் ஆழமாக அடிக்க வேண்டும். அவற்றை யாரும் தொடக் கூடாது. குச்சி நடுவில் படுப்பவளின் தலைமாட்டில், மூவர் கைக்கும் எட்டும் இடத்தில் இருக்கும். அதை உருவினால் பின்பக்கம் முழுவதும் திறந்துவிடும்.