லஸ்த்ரியின் நாற்காலி

அந்த அலுவலகத்தில் சத்ரியோவுக்கு எதிரிகளே கிடையாது. கம்ப்யூட்டர் பார்க்கிறவனைப் பகைத்துக்கொண்டு யாரால் காலம் தள்ள முடியும்? இந்தோனேசியாவின் செமாராங் நகரத்தில் தேக்கு மேசை நாற்காலி செய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனி அது. மூன்று மாடி, மாடிக்கு ஒரு அவசரம். எந்த மாடியில் எந்த மெஷின் முன்னால் உட்கார்ந்து பெயரையும் பாஸ்வேர்டையும் அடித்தாலும், அவரவர் ஃபைல்கள் சர்வரிலிருந்து இறங்கி அவரவர் திரைக்கு வந்துவிட வேண்டும். வெளியேறும்போது அன்றைக்குச் செய்ததெல்லாம் திரும்ப சர்வருக்குப் போய்விட வேண்டும். ஏற்பாடு என்னவோ நல்ல ஏற்பாடுதான். ஆனால் தங்கச்சி கல்யாண வீடியோவையெல்லாம் திரையில் கொட்டி வைக்கிறவர்களுக்கு, காலையில் அது இறங்கி முடிவதற்குள் காபி ஆறிப்போகும். சில நாள் இறங்கவே இறங்காது. அப்போது மெஷின் தானாக ஒரு தற்காலிகக் கணக்கைத் திறந்து கொடுக்கும். லாட்ஜ் ரூம் மாதிரி அது. உட்காரலாம், வேலை பார்க்கலாம். வெளியேறிய கையோடு உள்ளே இருந்ததையெல்லாம் கூட்டித் தள்ளிவிடும்.

அந்த செவ்வாய்க்கிழமை லஸ்த்ரிக்குக் கிடைத்தது அந்த லாட்ஜ் ரூம்தான்.

லஸ்த்ரி இரண்டாம் மாடியில் படம் வரைகிறவள். வரைகிறவள் என்றால் சொந்தமாக இல்லை. டிசைனர் டானாங் கிறுக்கிக் கொடுப்பதை அளவு போட்டுச் சுத்தமாக வரைந்து கொடுப்பாள். ஒன்பது வருஷமாக இதே வேலை. முதல் நாள்தான் மேலாளர் ஹெர்லினா அம்மாள் போகிற போக்கில், "ஜகார்த்தா கண்காட்சிக்கு நீயும் ஒரு நாற்காலி வரைஞ்சு காட்டேன். வர்ற திங்கக்கிழமை பாக்குறேன். நல்லா இருந்தா உன் பேர்லயே போகட்டும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதைக் கேட்டதிலிருந்து அவள் கால் தரையில் பாவவில்லை. இடுப்பில் இறுக்கமாக பாத்திக் துணி சுற்றிய பெண்கள் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து, அப்படியே கால் இடிக்காமல் எழுந்துகொள்கிற மாதிரி ஒரு நாற்காலி. ஒரு பக்கம் கை உண்டு, மறுபக்கம் கிடையாது. விருந்துகளில் அம்மாவும் சித்திமாரும் எழ முடியாமல் திண்டாடுவதைப் பார்த்துப் பார்த்து மனதில் ஊறிய நாற்காலி அது. பொது ஃபோல்டரில் போட்டால் டானாங் எட்டிப் பார்ப்பான். அவன் பார்த்தது மறுவாரமே அவனுடையதாகிவிடும். அதனால் தன் திரையிலேயே வைத்துக்கொண்டாள்.

செவ்வாய் காலையிலேயே சத்ரியோவுக்குப் போன் செய்துவிட்டாள்.

"அண்ணே, திரையில ஏதோ எச்சரிக்கை வருதுண்ணே. என் ஃபைலெல்லாம் காணோம்."

"தற்காலிகக் கணக்குல இருக்க. பழசெல்லாம் சர்வர்ல பத்திரமா இருக்கு, பயப்படாத. ஆனா வெளியேறிடாத, தெரியுதா? சாயங்காலம் திரைக்குப் பூட்டு மட்டும் போட்டுட்டு வீட்டுக்குப் போ. நான் வந்து பாக்குறேன்."

"எப்பண்ணே வருவீங்க?"

"மத்தியானம் வர்றேன்."

எந்த மத்தியானம் என்று அவன் சொல்லவில்லை. புதன்கிழமை டீ போடுகிற இடத்தில் பார்த்தான், சிரித்தான். அவளும் சிரித்தாள். வியாழக்கிழமை மாடிப்படியில் பார்த்தான். அப்போதும் சிரிப்புதான். வேலை மும்முரத்தில் இருப்பவரிடம் போய், "சொன்னீங்களே, வரலியே" என்று கேட்பதற்கு ஜாவாக்காரர்களுக்கு நாக்கு எழும்பாது. அது முகத்துக்கு நேரே குறை சொல்வது போல. அவருக்கு ஆயிரம் வேலை, ஞாபகம் வரும்போது வரட்டும் என்று விட்டுவிட்டாள். சொன்னபடி பூட்டு மட்டும் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். நாற்காலி முழுசும் அந்த லாட்ஜ் ரூமிலேயே உருவாகிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை தொழுகைக்கு முன்னால் சத்ரியோ சர்வரில் ஒரு வேலை செய்ய வேண்டியிருந்தது. அதற்கு எல்லோரும் கணக்கிலிருந்து வெளியேறியாக வேண்டும். வழக்கமாக மாடி மாடியாக ஏறிப் பார்த்துச் சொல்லிவிட்டு வருவான். அன்றைக்கு நேரமாகிவிட்டது, ஆண்கள் எல்லாரும் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். இருந்த இடத்திலிருந்தே ஒரே ஒரு கட்டளை தட்டி, பூட்டியிருந்த மெஷின்களில் இருந்த எல்லாரையும் வெளியேற்றினான். பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் ஓடின. லஸ்த்ரி பெயரும் ஓடியது. கண் பார்த்தது, மண்டையில் ஏறவில்லை.

பள்ளிவாசலில் இமாம் மழைக்கால வடிகாலை அடைக்காதீர்கள் என்று பேசிக்கொண்டிருந்தபோதுதான் ஏறியது. லஸ்த்ரி இன்னும் அந்தத் தற்காலிகக் கணக்கில்தான் இருந்தாள். தொழுகையில் எல்லாரும் குனிந்தபோது அவன் மட்டும் நின்றுகொண்டிருந்தான். பக்கத்து ஆள் திரும்பிப் பார்த்தார்.

அவன் திரும்பி வந்தபோது லஸ்த்ரி அவன் மேசைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"மன்னிச்சுக்கங்கண்ணே. நீங்க அவ்வளவு சொல்லியும் நான் எதையோ அமுக்கிட்டேன் போல. சாப்பிட்டு வந்து பாத்தா பேர் கேக்குது. இன்னும் ஒண்ணும் தொடல. நாற்காலி போயிடுச்சாண்ணே?"

அந்த நொடியில் சத்ரியோவுக்குள் வந்தது நிம்மதி. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் வெட்கம்தான். ஆனாலும் முதலில் வந்தது நிம்மதி என்பதை அவனால் தனக்குத்தானே மறைக்க முடியவில்லை.

என்ன செய்ய வேண்டும் என்பது அவனுக்கு அட்சரம் பிசகாமல் தெரியும். அழிந்தது உடனே போய்விடுவதில்லை. அதே இடத்தில் வேறொன்று எழுதப்படும் வரை அவள் மெஷினின் ஹார்ட் டிஸ்க் வட்டுக்குள்தான் கிடக்கும். ப்ளக்கைப் பிடுங்க வேண்டும், வட்டைக் கழற்ற வேண்டும், தோண்டி எடுக்கிற ஆளிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஆனால் ப்ளக்கைப் பிடுங்கினால் ஏன் என்று கேட்பாள். யார் வெளியேற்றியது என்ற கேள்வி வரும்.

"சரி வா. மறுபடி உள்ள போய்ப் பாக்கலாம்" என்றான்.

தன் மெஷினிலிருந்தே அவள் கணக்கின் கோளாறை வெகு நேர்த்தியாகச் சரிசெய்தான். சர்வரில் இடம் ஒதுக்கினான், கெட்டுப்போன பதிவை நீக்கினான். இரண்டாம் மாடிக்குப் போய் அவள் பக்கத்தில் நின்றான். அவள் பாஸ்வேர்டை அடித்தாள். ஒன்பது வருஷத்துப் படங்களும், அக்கா பிள்ளைகளின் பிறந்தநாள் வீடியோக்களும் மூட்டை மூட்டையாக இறங்கத் தொடங்கின. திரையில் வட்டம் சுற்றியது. ஒவ்வொரு சுற்றிலும் எதன்மேல் எது எழுதப்படுகிறது என்று அந்த அறையில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். இப்போதுகூடப் பிடுங்கலாம் என்று நினைத்தான். ப்ளக் அவன் கால் பக்கத்திலேயே இருந்தது. நினைத்துக்கொண்டேதான் நின்றான்.

"வந்துடுச்சுண்ணே! பழசெல்லாம் வந்துடுச்சு!" என்று அவள் கைதட்டினாள். அப்புறம் தேடினாள். அப்புறம் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் வரை அவனும் எதை எதையோ வைத்துத் தேடினான். ஒரே ஒரு படம் பாதி திறந்தது. அதில் இரண்டு கால்கள் மட்டும் இருந்தன.

திங்கட்கிழமை ஹெர்லினா அம்மாளின் குரல் இரண்டாம் மாடி முழுக்கக் கேட்டது. "ஒன்பது வருஷமா வரையிறவ, ஒரு ஃபைலைக் காப்பாத்தத் தெரியல. நாற்காலி செஞ்சு என்ன பண்ணப்போற? டானாங், உன்னோடதை அனுப்பிடு."   லஸ்த்ரி தலை குனிந்து, "என் தப்புதான்மா" என்றாள்.

அந்த வார்த்தைதான் சத்ரியோவைத் தின்றது. மத்தியானத்துக்குள் தாங்க முடியாமல் ஹெர்லினா அம்மாளின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினான். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"இதுக்கா முகத்தை இப்படி வெச்சிருக்கீங்க? மெஷின்னா அப்படித்தான் சத்ரியோ. நீங்க வேணும்னா செஞ்சீங்க? போய் வேலையப் பாருங்க. ஆமா, மேல பிரின்டர் ஏன் ஓடமாட்டேங்குது?"

ஒப்புக்கொள்வது இவ்வளவு சுலபமாக இருந்திருக்க வேண்டாம் என்று அவனுக்குத் தோன்றியது. வெள்ளிக்கிழமை பயந்தானே, அப்படி ஒன்றுமே நடக்கவில்லை. அவனுக்கு ஒரு அதட்டல்கூட இல்லை. இதே தப்புக்கு அவள் தலை குனிந்து நின்றாள்.

லஸ்த்ரியிடம் போனபோது அவள் டானாங்கின் மேசை ஒன்றுக்கு அளவு போட்டுக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் ஒரு பலகாரப் பொட்டலத்தை நகர்த்தினாள். "லும்பியாண்ணே. எங்க தெருவுல வாங்கினது. எனக்காக சாயங்காலம் வரைக்கும் உக்காந்து தேடினீங்களே."

அவன் பொட்டலத்தைத் தொடவில்லை. நின்றபடியே சொன்னான். "நீ எதையும் அமுக்கல லஸ்த்ரி. வெள்ளிக்கிழமை எல்லாரையும் வெளியேத்தினது நான். உன் பேரையும் பாத்தேன். வர்றேன்னு சொல்லிட்டு வராததும் நான்தான்."

அவள் மௌஸிலிருந்து கையை எடுத்தாள். முகத்தில் கோபம் வரும் என்று பார்த்தான். முதலில் வந்தது வேறு. "அப்ப நான் இல்லையா?" என்றாள், குழந்தை மாதிரி. "மூணு நாளா என் கையையே திட்டிக்கிட்டிருக்கேன்."

"நீ இல்ல."

"சரிண்ணே. எப்படியும் போனது போனதுதானே?" என்றவள், கேட்டுவிட்டு நிறுத்தினாள். அவன் முகத்தில் எதையோ பார்த்திருக்க வேண்டும். "அன்னிக்கே சொல்லியிருந்தா கிடைச்சிருக்குமா?"

தெரியவில்லை என்று சொல்லலாம். யாராலும் மறுத்துப் பேச முடியாது. "மெஷினை அப்பவே அணைச்சிருந்தா, அநேகமா கிடைச்சிருக்கும்" என்றான்.

லஸ்த்ரி திரையைப் பார்த்தாள். டானாங்கின் மேசை அதில் நாலு காலோடு நின்றது. மேலே யாரோ பிரின்டரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நான் ஒண்ணும் தொடாமத்தானே வந்து கேட்டேன்?" என்று மெதுவாகச் சொன்னாள். "நீங்கதான் உள்ள போகச் சொன்னீங்க. எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே பக்கத்துல நின்னீங்க. நான் கைகூடத் தட்டினேன்."

  அவள் நாற்காலியை அவனுக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டுக்கொண்டு, மேசையின் மூன்றாவது காலுக்கு அளவு போடத் தொடங்கினாள்.