சுதா டிரைவிங் ஸ்கூல்

காலையில் நான் வண்டியோடு மலைப்பாதைக்குப் போனபோது எங்கள் வாசலில் 'சுதா டிரைவிங் ஸ்கூல், பெண்களுக்கு மட்டும்' என்ற போர்டு இருந்தது. திரும்பி வந்தபோது அதே இடத்தில் அதைவிட இரண்டு மடங்கு பெரிய ஃபிளெக்ஸ் தொங்கியது. 'முன்னாள் ராணுவ வீரர் டில்லிபாபு டிரைவிங் ஸ்கூல்.' ஒரு மூலையில் என் கணவர் சீருடையில் சிரித்துக்கொண்டிருந்தார். ஏணிக்குக் கீழே லுங்கியில் அவரே நின்று சிரித்துக்கொண்டிருந்தார். என் பெயர் எங்காவது இருக்கிறதா என்று தேடினேன். போன் நம்பர் மட்டும் என்னுடையது.

"எப்படி இருக்குது சுதா?"

"பெருசா இருக்குது பாவா."

அத்தை மகன் என்பதால் சின்ன வயதிலிருந்தே எனக்கு அவர் பாவாதான். பக்கத்தில் கற்றுக்கொள்ள வந்த பெண் இருக்கும்போது வீட்டுச் சண்டையை ஆரம்பிக்கும் பழக்கம் எனக்கு இல்லை. உள்ளே போய்த் தண்ணீர் குடித்தேன்.

பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று அவர் வந்து இரண்டு மாதம் ஆகிறது. எங்கள் பக்கத்தில் ஓய்வு பெற்றவர்கள் டீக்கடை வைத்தாலும் ஜெராக்ஸ் கடை வைத்தாலும் பெயருக்கு முன்னால் 'முன்னாள் ராணுவ வீரர்' என்று போட்டுக்கொள்வார்கள். ஊரும் அதற்கு மரியாதை கொடுக்கும். அந்த மரியாதையில் எனக்கும் ஒரு பங்கு தருவதாக நினைத்துத்தான் மனிதர் இதைச் செய்திருக்கிறார். அதுதான் என்னை அதிகமாக எரிச்சல்படுத்தியது. கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் ஏணியை உதைத்துவிட்டுப் போயிருப்பேன்.

கல்யாணமாகி அம்பாலா ராணுவக் குவார்ட்டர்ஸுக்குப் போன நாளிலிருந்து எனக்கென்று பெயர் கிடையாது. ஆஸ்பத்திரியில், கேன்டீனில், மகள் படித்த பள்ளிக்கூடத்தில், எங்கே போனாலும் நான் டில்லிபாபு வைஃப். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பஞ்சாபிக்காரி ஒருத்தி, என்னைப் போலவே பெயரைத் தொலைத்தவள், தன் வீட்டு மாருதியில் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தாள். பிறகு இவரை லடாக்குக்கு மாற்றினார்கள். அங்கே குடும்பத்துக்கு இடமில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு திருத்தணிக்குத் திரும்பினேன். இங்கே நர்ஸுகளும் டீச்சர்களும் வண்டி கற்றுக்கொள்ள ஆசைப்பட்டார்கள். ஆனால் முன்பின் தெரியாத ஆம்பளைக்குப் பக்கத்தில் உட்காரத் தயங்கினார்கள். அந்தத் தயக்கத்தில்தான் என் பள்ளி முளைத்தது.

மத்தியானம் போன் வந்தது. புவனா. பொதட்டூர்பேட்டையில் தறி வைத்திருக்கும் குடும்பத்து மருமகள். நெய்த லுங்கியை ஏற்றிப்போக வாங்கிய சின்ன வேன் அவர்கள் வாசலில் சும்மா நிற்கிறது. புருஷனுக்குக் கண்பார்வை சரியில்லை. இவள் ஓட்டினால்தான் உண்டு.

"அக்கா, இனிமே வரமுடியாது போலக்கா. உங்க ஸ்டேட்டஸ்ல இருக்கிற போட்டோவ எங்க அத்தை பாத்துட்டாங்க. ஆம்பள வாத்தியாராண்ட போயிகினு இருந்தியான்னு கேக்கறாங்க. நான் சொன்னா நம்பமாட்றாங்க."

என் போனிலேயே ஃபிளெக்ஸைப் படமெடுத்து ஸ்டேட்டஸ் வேறு போட்டிருக்கிறார் மகராசன்.

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"அவ்ளோதானே? நம்பர குடு, நான் பேசறேன். மிலிட்டரிக்காரன்னு சொன்னா நம்புவாங்க."

"நீங்க பேசறதுதான் பாவா பிரச்சினையே."

"இன்னா சுதா, டைம் பாஸுக்குப் பண்றேன்னு நீதானே சொன்ன? இப்ப நான் வந்துட்டேன், பெருசா பண்ணலாம்னு பாத்தேன்."

சொன்னேன்தான். பனிமலையிலிருந்து அவர் கூப்பிடும் லைன் எப்போது அறுந்துபோகும் என்று தெரியாது. கிடைக்கிற நேரத்தில் நல்லதை மட்டும் சொல்ல வேண்டும். பட்டாளத்துக்காரன் பெண்டாட்டிக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நல்லாருக்கோம் பாவா, பாப்பா நல்லா படிக்கறா, வண்டி சும்மா பொழுதுபோக்குக்கு. இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். அவரும் நம்பிக்கொண்டே இருந்திருக்கிறார்.

எதிரே உட்கார்ந்து வலது கையை நீட்டினேன். மணிக்கட்டு எலும்பு கொஞ்சம் கோணலாகத் துருத்திக்கொண்டிருக்கும்.

"இது எப்படி ஆச்சு தெரியுமா?"

பார்த்தார். இரண்டு மாதமாக இந்தக் கை போட்ட சோற்றைத்தான் தின்றுகொண்டிருந்தார்.

"அரக்கோணம் ரோட்டுல ஒரு பொண்ணு வண்டிய செவுத்துல விட்டுட்டா. மாவுக்கட்டு போட்டுகினு வீட்டுக்கு வரேன், நீங்க கூப்பிடறீங்க. இடது கையில போன புடிச்சிகினு நல்லாருக்கோம்னு சொன்னேன். பஜார்ல பசங்க வண்டிய தட்டித் தட்டி சிரிப்பானுங்க. என் அண்ணன் மணவாளன் குடும்ப மானம் போச்சுன்னு மூணு வருஷம் பேசல. ஒண்ணுமே உங்களாண்ட சொன்னதில்ல."

"சொல்லியிருக்கலாமே சுதா."

"நீங்க பனியில லாரி ஓட்டிகினு இருந்தீங்க. ஏத்தத்துல வண்டி ஏத்தறவன்கிட்ட பின்னாடி உக்காந்துகினு யாராவது கத்துவாங்களா?"

அவர் கை தட்டிலேயே இருந்தது.

"எனக்கு வருத்தமா இருக்குது பாவா. எல்லாத்துலயும் உங்க பேருதான் இருந்தது. நான் குறை சொல்லல. இது ஒண்ணுலதான் எம் பேரு இருந்தது."

அவர் கையைக் கழுவிக்கொண்டு வெளியே போனார். சொல்லியிருக்க வேண்டாமோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது. பிறகு, எத்தனை வருஷத்துக்குத்தான் நல்லாருக்கோம் என்றே சொல்வது என்று தோன்றியது.

மறுநாள் காலையில் ஒரு நர்ஸ் பெண்ணை மலைக்குக் கூட்டிப்போனேன். திருப்பத்தில் வண்டி நின்று பின்னால் உருளப் பார்த்தது. பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்துக் காதைப் பிளந்தது. அந்தப் பெண் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"ஹேண்ட் பிரேக் போடு. மூச்சு விடு. முருகர் எங்கயும் போகமாட்டார், பஸ்காரன் கொஞ்சம் லேட்டா கும்பிட்டுக்குவான்," என்றேன். சிரித்தாள். கண்ணைத் திறந்தாள். வண்டி ஏறியது. மற்ற நாளாக இருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன். அன்று புவனாவின் வாசலில் நிற்கிற வேன்தான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்து எதிர்ப்புறம் ஓரமாக நிறுத்தச் சொன்னேன். எங்கள் வாசலில் புவனா நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் மாமியார் சந்திரா, இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஃபிளெக்ஸை அண்ணாந்து பார்த்தபடி. நேரிலேயே விசாரிக்கப் பஸ் பிடித்து வந்துவிட்டார் போல. என் கணவர் ஏணியை அப்போதுதான் தூக்கிக்கொண்டு வந்தார். திறந்திருந்த ஜன்னல் வழியாகப் பேச்சு நன்றாகக் கேட்டது.

"நீங்கதான் மாஸ்டராங்க?"

அவர் ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு, அதிகாரிக்கு முன்னால் நிற்பதுபோல நிமிர்ந்து நின்றார். போச்சு, மிலிட்டரிக் கதையை ஆரம்பிக்கப்போகிறார் என்று நினைத்துக் கதவில் கை வைத்தேன்.

"இல்லைங்கம்மா. மாஸ்டர் மலைக்குப் போயிருக்காங்க. இப்ப வந்துடுவாங்க."

"அப்ப படத்துல இருக்கறது?"

"நாந்தாங்க. தெரியாம மாட்டிட்டேன். அவுக்கத்தான் ஏணி எடுத்தாந்தேன்."

"நீங்க யாரு அவங்களுக்கு?"

"நான் சுதாவோட வூட்டுக்காரருங்க."

சந்திரா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஆங், அப்ப சரி," என்று சொல்லி வாசற்படியில் உட்கார்ந்தார். புவனாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மேடம், இறங்கலாமா?" என்று நர்ஸ் பெண் கேட்டாள்.

"கொஞ்சம் இரும்மா," என்றேன். கண்ணைத் துடைத்துக்கொள்ள எனக்கு அவ்வளவு நேரம் வேண்டியிருந்தது.