அருஞ்சுனையும் இரண்டு ஸ்பிரிங் செட்டும்

மதுரைக்குப் போனவன் ஒரு பொட்டலத்தோடு திரும்பியிருந்தால் வீட்டில் நிம்மதி இருந்திருக்கும். அருஞ்சுனை இரண்டு பொட்டலத்தோடு வந்து இறங்கினான். வினை அங்கேதான் பிடித்தது.

அவனுக்குத் தொழில் பலூன் சுடும் கடை. கடை என்றால் என்ன பெரிய கடை! சரக்கு மரப்பெட்டியைப் பிரித்து அடித்த ஒரு பலகை, அதில் வரிசையாகக் கட்டிய பலூன்கள், பதினைந்தடி தள்ளி ஒரு மேசை, அதன்மேல் ஏர்கன் என்கிற ஒரு காற்றுத் துப்பாக்கி. திருச்சுழித் தேரோட்டம், காரியாபட்டிச் சந்தை, அருப்புக்கோட்டைப் பங்குனிப் பொங்கல் என்று எங்கே கூட்டமோ அங்கே அவனும் அவன் மனைவி சங்கரம்மாளும் போய்ப் பலகையை நட்டுவிடுவார்கள். அவன் வரிசையாகச் சுட்டுக் காட்டிக் கூட்டம் சேர்ப்பான். அவள் பலகைக்குப் பின்னால் உட்கார்ந்து பலூன் ஊதுவாள். பத்து வருடமாக இப்படித்தான் வண்டி ஓடுகிறது.

எண்பத்தொன்பதாம் வருடம் மாசியில் மானம் போனது. ஒரு கோயில் கொடைத் திருவிழாவில் அருஞ்சுனை சுட்ட குண்டு பலூனில் போய் முட்டியது. பலூன் லேசாக ஆடியது. குண்டு தரையில் விழுந்தது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்தவர்களில் முனீஸ்வரனும் ஒருவர். அவர் யார் என்றால், பங்குனிப் பொங்கல் திடலில் எந்தக் கடை எங்கே என்று கயிறு பிடித்து இடம் ஒதுக்குகிறவர். வருடா வருடம் அருஞ்சுனை கடையில் சுட்டு, குறி தப்பாதவர் என்று பெயர் எடுத்தவரும்கூட. அவர் அன்றைக்கே சொல்லிவிட்டார்: பொங்கலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை காலையில் நானே வந்து சுட்டுப் பார்ப்பேன், பலூன் வெடித்தால் ராட்டினத்துப் பக்கத்து இடம் வழக்கம்போல உனக்கு, இல்லாவிட்டால் சாத்தூர்க்காரன் புதுத் துப்பாக்கியோடு காத்திருக்கிறான், அவனுக்கு. அந்த இடம் போனால் அருஞ்சுனை வீட்டில் அரை வருடத்துக்கு உலை கொதிக்காது.

துப்பாக்கிக்குள் இருக்கும் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, புதுசு வாங்கத்தான் மதுரைக்குப் போனான். துப்பாக்கிக் கடைக்காரர் இரண்டு செட்டை எடுத்து வைத்தார். ஒன்றில் ஒல்லிக் கம்பியில் சுற்றிய நீள ஸ்பிரிங், தோல் வாஷர். இன்னொன்றில் தடித்த குட்டை ஸ்பிரிங், கறுப்புப் பிளாஸ்டிக் வாஷர். எது நல்லது என்று கேட்டதற்கு, அது துப்பாக்கியைப் பொறுத்தது என்றார். என் துப்பாக்கிக்கு எது என்று கேட்டதற்கு, அது சுடுகிறவரைப் பொறுத்தது என்றார். இந்தப் பதிலுக்கு ஒரு கடை, ஒரு கல்லாப்பெட்டி! எண்ணெய் படாமல் திருப்பித் தந்தால் ஒன்றை வாங்கிக்கொள்வதாக மட்டும் இரக்கப்பட்டுச் சொன்னார்.

இரண்டு நாள் அருஞ்சுனை இரண்டையும் கையில் வைத்து மாற்றி மாற்றி எடை பார்த்தான். பொட்டலத்துக்குள் இருந்த காகிதம் முழுக்க இங்கிலீஷ். கடைசியில் தாவீதுராஜைக் கூப்பிட்டான். தாவீதுராஜ் ஊர் ஊராகப் போய் அடிபம்பு கழற்றி மாட்டுகிற மெக்கானிக், அவனுடைய கூட்டாளி. தோல் வாஷரைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. அடிபம்புக்குள் இருப்பதும் இதே தோல்தான், ஊறினால்தான் உப்பும், உப்பினால்தான் இழுக்கும் என்று அடித்துப் பேசினான். பேசினதோடு விட்டானா? வாஷரை ஒரு ராத்திரி முழுக்க விளக்கெண்ணெயில் ஊறப்போட்டான். திருப்பிக் கொடுக்கலாம் என்ற வழி அதோடு அடைபட்டது.

மறுநாள் தன் பைப் வைஸைக் கொண்டுவந்து துப்பாக்கியை அதில் கவ்வ வைத்து, பழைய ஸ்பிரிங்கை உருவினான். அது கழுத்து ஒடிந்த கோழி மாதிரி கோணிக் கிடந்தது. ஒல்லி ஸ்பிரிங்கை மாட்டினான். வீட்டுக்குப் பின்னால் பலகையை நட்டார்கள். அருஞ்சுனை முதல் குண்டைப் போட்டு விசையை இழுத்தான். வெடிச் சத்தம் கேட்டது, குழலிலிருந்து புகை வந்தது, தெருவெல்லாம் விளக்கெண்ணெய் தீய்ந்த நாற்றம். பலூன் அசையவில்லை. நாலைந்து சுட்டபின் புகை அடங்கியது. பலூன் அப்போதும் சுகமாகத்தான் இருந்தது. குண்டுகள் எல்லாம் பலூனுக்கு மேலே பலகையில் பதிந்திருந்தன. இறக்கிப் பிடித்தான், பலகையின் காலில் பட்டது. ஏற்றினான், பலகையைத் தாண்டி வேலிக்குப் போனது.

செட்டு சரியில்லை என்று முடிவு கட்டினான். தடித்த ஸ்பிரிங்கை மாட்டச் சொன்னான். அது தோளில் எட்டி உதைத்தது. குறி இன்னும் மோசம். இரண்டாவது செட்டும் எண்ணெய் பட்டாயிற்று. வெறுத்துப்போய்ப் பழைய ஸ்பிரிங்கையே திரும்ப மாட்டிச் சுட்டான். என்ன கூத்து! முதல் குண்டே பலூனில் போய் முட்டியது. இரண்டாவதும் முட்டியது. ஆனால் எதுவும் வெடிக்கவில்லை.

"படுறது வெடிக்க மாட்டேங்குது. வெடிக்கிறது பட மாட்டேங்குது. இதுல நான் எதைலே மாட்ட?" என்றான் அருஞ்சுனை.

தாவீதுராஜ் பிஸ்டனைக் குற்றம் சொன்னான், குண்டைக் குற்றம் சொன்னான், அடிபம்பில் இப்படி ஒருநாளும் ஆனதில்லை என்றான். திரும்ப ஒல்லி ஸ்பிரிங்கை மாட்டி வைத்துவிட்டு, திருச்சுழியில் வேலை இருக்கிறது என்று நழுவினான்.

அருஞ்சுனை கல்லில் உட்கார்ந்துவிட்டான். அவனுக்குப் பயம் வந்துவிட்டது. துப்பாக்கி கிடக்கட்டும், நம் கண்ணே போய்விட்டதா, கை போய்விட்டதா? நாற்பத்திரண்டு வயதில் சுடத் தெரியாதவனாகிவிட்டால் பிறகு என்ன வேலை தெரியும் நமக்கு? வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஒரே நாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்; அந்தக் கதை தன் கதையாகிவிட்டதோ என்று குமைந்தான்.

சங்கரம்மாள் இவ்வளவையும் துவைக்கிற கல்லிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தவள், ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். பத்து வருடத்தில் அவள் துப்பாக்கியை எடுத்து வைத்திருக்கிறாள், துடைத்திருக்கிறாள், ஒரு குண்டு சுட்டதில்லை. சுடுகிறவன் ஒருவன் இருக்கும்போது அவளிடம் யார் நீட்டப்போகிறார்கள்? குழலை மடக்கிக் குண்டைப் போட்டாள். ஒரு கண்ணைச் சுருக்கினாள். பலூன் படாரென்று போனது. அடுத்ததும் போனது. மூன்றாவதும்.

"நீ எங்க பாத்துச் சுட்ட?" என்று கேட்டான் அவன்.

"குழல் நுனியில ஒரு குமிழு இருக்குல்ல. அதைப் பலூன் மேல வச்சேன். வேற எங்க பாப்பாக?"

அருஞ்சுனைக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் குமிழை அவன் பார்த்தே ஏழெட்டு வருடம் ஆகிறது. ஸ்பிரிங் ஒரே நாளில் சாகவில்லை, வருடத்துக்குக் கொஞ்சமாகச் செத்தது. குண்டு தாழத் தாழ அவன் கை தானாக ஏறியது. கடைசியில் பலூனுக்கு மேல் நாலு விரல் தூக்கிப் பிடித்தால்தான் பலூனில் படும் என்று ஆகியிருந்தது. கை ஏறினது கைக்குத் தெரியும். அவனுக்கு யாரும் சொல்லவில்லை. இப்போது நேராகச் சுடுகிற துப்பாக்கியைக் கொடுத்தால், கை பழைய பாட்டையே பாடுகிறது.

நிம்மதிப் பெருமூச்சு விட்டவன், அப்படியானால் தடித்த ஸ்பிரிங்கையே மாட்டிவிடலாம், சத்தமும் வேகமும் ஜாஸ்தி, முனீஸ்வரன் அசந்துபோவார் என்றான். சங்கரம்மாள் அவனைப் பலகைக்குப் பின்னால் கூட்டிப்போனாள். தடித்த ஸ்பிரிங்கில் சுட்ட குண்டுகள் பலகையைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்திருந்தன.

"நான் இங்கனதான் உக்காந்து ஊதுறேன். அது நெனப்பு இருக்கா உங்களுக்கு?"

ஒல்லி ஸ்பிரிங்கே இருக்கட்டும் என்று முடிவானது.

வெள்ளிக்கிழமை காலை திடலுக்கு முனீஸ்வரன் வந்தார். கூடவே சாத்தூர்க்காரனும் வந்து கொஞ்சம் தள்ளி நின்றான். முனீஸ்வரன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மூன்று குண்டு சுட்டார். மூன்றும் பலூனுக்கு மேல் நாலு விரல் தள்ளிப் பலகையில் பதிந்தன. எத்தனை வருடம் இதே துப்பாக்கியில் சுட்டவர்! அவர் கையும் அருஞ்சுனை கையோடு சேர்ந்தே ஏறியிருந்தது.

அருஞ்சுனைக்கு விஷயம் தெரியும், வாய்தான் வரவில்லை. சொன்னால், எனக்கே நீ சுடச் சொல்லித் தருகிறாயா என்பார். சொல்லாவிட்டால் இடம் போகும். திருடனுக்குத் தேள் கொட்டியது போல நின்றான். முனீஸ்வரன் துப்பாக்கியை மேசையில் போட்டுவிட்டுச் சாத்தூர்க்காரனைப் பார்த்துக் கையசைத்தார்.

சங்கரம்மாள் பலகைக்குப் பின்னாலிருந்து வந்தாள்.

"அண்ணாச்சி, துப்பாக்கி மேல குத்தமில்ல. பழைய ஸ்பிரிங்கு செத்துக் கெடந்துச்சு. நீங்களும் இவுகளும் மேல தூக்கிப் பிடிச்சே பழகிட்டீக. குமிழப் பலூன் மேலயே வச்சுச் சுடுங்க. வெடிக்கலன்னா இந்தப் பலகைய நானே பிடுங்கிட்டுப் போறேன்."

முனீஸ்வரன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவர் துப்பாக்கியை எடுத்து, மெதுவாகக் குமிழைப் பார்த்து, விசையை இழுத்தார். பலூன் வெடித்தது. இன்னொன்றைச் சுட்டார். அதுவும் வெடித்தது. அவர் சிரிக்கவில்லை. இதை முதலில் கண்டுபிடித்தது யார் என்று மட்டும் கேட்டார்.

நான்தான் என்ற சொல் அருஞ்சுனையின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"இவதான் அண்ணாச்சி," என்றான்.

"அப்ப எடம் ஒங்களுக்குத்தான். ஆனா மேசையில நின்னு சுட்டுக் காட்டுறது இவளா இருக்கணும். நீயும் நானும் இனிமே நேராச் சுடப் பழக ஒரு வருசம் ஆகும்."

பொங்கலன்று ஒரு பொம்பிளை குறி தப்பாமல் சுடுகிறாள் என்ற பேச்சு ராட்டினத்தைச் சுற்றிப் பரவியது. பத்து வருடத்தில் அவன் சேர்த்திராத கூட்டம் ஒரே சாயங்காலத்தில் சேர்ந்தது. அருஞ்சுனைக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது, இரண்டில் எது கூடுதல் என்று பிடிபடவில்லை. இப்போது பலகைக்குப் பின்னால் உட்கார்ந்து ஊதுகிறவன் அவன்; பலூன் ஊத ஊதத் தீர்ந்துகொண்டிருந்தது. இருபதாவது பலூனில் அவனுக்குத் தலை சுற்றியது, கன்னம் இரண்டும் கடுத்தன, வாயெல்லாம் ரப்பர் கசப்பு. தண்ணீர் குடித்துப் பார்த்தான், மிட்டாய் வாங்கிச் சப்பிப் பார்த்தான், கசப்பு போகவில்லை. இப்படி ஒரு கசப்பு இருப்பதாகச் சங்கரம்மாள் அவனிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அவனும் கேட்டதில்லை.