போய்வந்தால் கணக்குத் தீரும்

1

கொமோரி எனக்குத் தரவேண்டியது பதினேழாயிரத்து அறுநூறு யென். இந்தக் கதை பிறந்தது அங்கிருந்துதான். வேறு உயர்ந்த காரணம் ஏதும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாந்தோம் என்று நீங்கள் சொல்லக்கூடாது.

அந்தப் பணத்தை அவன் பல் கட்டுவதற்காக வாங்கினான். மேல்வரிசை முழுக்க. அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் என் அறைக்கு வந்து, இந்த வாரம் ஏன் தர முடியவில்லை என்பதை அதே பற்களை வைத்து எனக்கு விளக்குவான். முன்பெல்லாம் அவன் பேசுவது பாதி புரியாது. இப்போது சாக்குப்போக்கு ஒவ்வொன்றும் தெளிவாகக் கேட்டது.

விளக்கம் கால்மணி நேரம். பிறகு இருட்டும்வரை இருப்பான். ரேடியோவில் குதிரைப் பந்தயம் கேட்போம். பணம் கட்டுவதில்லை, எது ஜெயிக்கும் என்று சண்டை மட்டும் போடுவோம். என் அறை மூன்று பாய் விரிக்கிற அளவு. இரண்டு பேர் உட்கார்ந்தால் ரேடியோவை மடியில்தான் வைக்கவேண்டும்.

இது கதையின் ஒரு வேர். இன்னொன்று செவ்வாய்க்கிழமை மாலை எழுத்து வகுப்பு. அறுபதுக்கு மேல் எழுத்துப் பழகியவர்கள்தான் அங்கே அநேகம் பேர். ஹிரூமா டீச்சர் பலகையில் தலைப்பை எழுதினார்: 'ஒசாகாவிலிருந்து காலையில் கிளம்பி மாலையில் திரும்பும் ஒரு பயணத்தைத் திட்டமிடுதல்.' ஒரு பக்கம் போதும் என்றார். எனக்கு ஒரு பக்கத்தோடு நிறுத்தத் தெரியவில்லை. தொடங்கவும் தெரியவில்லை, அதைக் கீழே பாருங்கள்.

2

முதல் தொடக்கம்: 'வசந்தத்தின் இளங்காலையில் செர்ரிப் பூக்கள் மெல்ல உதிர்ந்துகொண்டிருக்க' —

(நிறுத்திவிட்டேன். நாங்கள் இருப்பது ஒசாகாவின் நிஷினாரிப் பேட்டையில், எங்கள் தெருவில் செர்ரி மரம் கிடையாது. காபி விற்கிற இயந்திரம்தான் உண்டு. அதிலிருந்து எதுவும் மெல்ல உதிராது.)

இரண்டாம் தொடக்கம்: 'பயணம் என்பது வாழ்க்கையைப்' —

(வேண்டாம்.)

மூன்றாம் தொடக்கம்:

"யோவ் உசுய், நான் ஊரைவிட்டுக் கிளம்புறேன்," என்றான் கொமோரி.

இது நிற்கட்டும். அவன் அப்படித்தான் சொன்னான். உசுய் என்பது நான்.

"எங்க?"

"தொத்தோரி. தங்கச்சி வீடு. பேரிக்காய்த் தோப்பு இருக்கு, ஒரு அறை காலியா கெடக்கு, வாடாங்கறா. மாசக் கடைசியில போறேன்."

"போ."

"போறதுக்கு முன்னாடி உன் கணக்கை முடிக்கணும். கடனோட போனா தங்கச்சி வாசப்படி ஏத்த மாட்டா. அவ புத்தி அப்படி."

"பணம் இருக்கா?"

"மொத்தமா இல்ல. ஆனா அந்தக் காசுக்கு உன்னை ஒரு நாள் எங்கயாவது கூட்டிட்டுப் போறேன். அப்பப்ப சேத்துக்கறேன், வண்டி, சோறு, எல்லாம் என் செலவு. காலையில போயி சாயங்காலம் வந்துடுவோம். போய்வந்தா கணக்குத் தீந்துச்சு. என்ன சொல்ற?"

நான் தலையாட்டினேன். தலையாட்டியபோது மனதில் இருந்ததை இங்கே எழுதவேண்டும், ஏனென்றால் டீச்சர் ஓரத்தில் சிவப்பு மையால் 'இங்கே உணர்ச்சி?' என்று கேட்டிருக்கிறார்.

உணர்ச்சி இதுதான். நாங்கள் நாள்கூலி ஆட்கள். காலையில் வேனில் ஏற்றிப்போவார்கள். ஒரே சாரத்தின்மேல் பக்கத்தில் பக்கத்தில் நின்று கம்பி கட்டுவோம். ஒரே தீப்பெட்டி, ஒரே தண்ணீர் பாட்டில். சாயங்காலம் மேஸ்திரி கூலியை எண்ணிக் கையில் வைப்பார். அதோடு சரி. மறுநாள் அவன் ஒரு வேனில், நான் ஒரு வேனில். யாருக்கும் யாரும் பாக்கி இல்லை, ஆகவே யாரையும் யாரும் தேடுவதில்லை. இத்தனை வருஷத்தில் என் கதவைத் திரும்பத் திரும்பத் தட்டியவன் கொமோரி ஒருவன்தான். அவன் தட்டியதும் பதினேழாயிரத்து அறுநூறு யென் பாக்கி இருந்ததால்தான்.

கணக்குத் தீர்ந்த பிறகு ஒரு மனிதன் வருவானா என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் ஆசை இல்லை. இந்தக் கதையில் நான் பயந்தது அது ஒன்றுக்குத்தான்.

3

ஆகவே எங்கே போவது என்பதில் நான் ஒத்துழைக்கவில்லை.

"ஹிமேஜி," என்றான். "கோட்டை."

"மாடிப்படி. என் முட்டி தாங்காது."

"நாரா. மானுக்கு பிஸ்கட் போடலாம்."

"மான் சட்டையைக் கடிக்கும்."

"கடிக்கட்டுமே. உன் சட்டையைப் பிடிச்சதுன்னு ஒரு ஜீவனாவது இருக்கட்டும். சரி, அரிமா. வெந்நீர் ஊத்து."

"உன் முதுகுல பச்சை குத்தியிருக்கற கெண்டை மீனை என்ன பண்றது? பச்சை குத்தினவனை உள்ள விடமாட்டாங்க."

"துண்டைப் போத்திக்கறேன்."

"தண்ணிக்குள்ளயா?"

அவன் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான். இதுதான் அவனிடம் எனக்குப் பிடிக்காதது.*

* (பிடித்தது என்று முதலில் எழுதியிருந்தேன். அவனும் இதைப் படிக்கக்கூடும்.)

இப்படி மூன்று ஞாயிறு போயிற்று. நான்காவதிலும் போயிருக்கும். ஆனால் சுவர் மெல்லிசு, தகினோ அம்மா காது கூர்மை. எங்கள் விடுதியை நடத்துகிறவர் அவர்.

இந்த அம்மாளின் பாத்திரத்தில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் இருக்கிறது. எழுத எழுத நல்லவராகிக்கொண்டே போகிறார். நிஜத்தில் வாடகை ஒரு நாள் தள்ளினால் படுக்கையைச் சுருட்டி வாசலில் வைப்பார். இரண்டும் ஒரே ஆள்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு அதை இணைக்கத் தெரியவில்லை.

கதவைத் தட்டாமல் வந்தார். இரண்டு கையாலும் ஒரு வெள்ளை உறையை நீட்டினார்.

"ஊருக்குப் போறீங்களாமே. வழிச்செலவுக்கு வச்சுக்குங்க. சின்னதுதான்."

எங்கள் பக்கத்தில் இது வழக்கம். யாராவது பயணம் என்று வாயைத் திறந்தால் உறை வரும். வாங்காமல் விட்டால் அவமரியாதை. வாங்கினால், போன ஊரின் பலகாரப் பெட்டியோடு திரும்பவேண்டும். சும்மா கொடுப்பது போல இருக்கும், சும்மா கொடுப்பது அல்ல.

"அம்மா, இன்னும் ஊரே முடிவாகல," என்றேன்.

"அதையும் நானே சொல்றேன். ஒகயாமா போங்க. அங்க தினைமாவு உருண்டை நல்லா இருக்கும். அந்தப் பெட்டி கொண்டாங்க. மூணு வாரமா மானு, மீனுன்னு பேசிட்டே கெடக்கீங்க, மாப்பிள்ளை பாக்கற மாதிரி."

"கேட்டுட்டா இருந்தீங்க?"

"நான் எங்க கேட்டேன்? நீங்கதான் சொன்னீங்க, சுவத்துகிட்ட."

சாயங்காலத்துக்குள் மாடி முழுக்க உறை கொடுத்துவிட்டது. வேலையில்லாமல் இருந்தவர் ஒருவர் நூறு யென் நாணயத்தைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். ஒரு கடனைத் தீர்ப்பதற்குப் போட்ட திட்டத்தால் இருவரும் ஒரு விடுதிக்கே கடன்பட்டோம். கொமோரி உறைகளைப் பரப்பிவைத்துப் பார்த்தான்.

"இனி போகாம இருக்க முடியாதுய்யா," என்றான்.

அவன் குரலில் சந்தோஷம் இல்லை. அதை அன்று நான் கவனிக்கவில்லை. கதாசிரியனாக இப்போது கவனிக்கிறேன்.

4

வகுப்பில் முதலில் கொடுத்த பிரதி இது:

'ஞாயிற்றுக்கிழமை ஒகயாமா சென்றோம். கோட்டை கறுப்பு நிறம். பக்கத்தில் ஆறு ஓடுகிறது. பீச் பழம் பிரசித்தம். நாங்கள் மகிழ்ந்தோம்.'

நேரில் பார்ப்பது போல இருக்கிறது என்று டீச்சர் எழுதினார். கோட்டையும் ஆறும் பீச் பழமும் பலகாரப் பெட்டியின் மூடியில் படமாக இருந்தன. மகிழ்ந்தோம் என்பது மட்டும் என் கற்பனை அல்ல.

நடந்தது இது.

மழை. ஒசாகா நிலையத்தில் சீட்டு இயந்திரத்துக்கு முன்னால் நின்றோம். கொமோரி அயர்ன் செய்த சட்டை போட்டிருந்தான். யார் அயர்ன் செய்து கொடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. பத்தாயிரம் யென் நோட்டை எடுத்து இயந்திரத்தின் வாயில் வைத்தான். இயந்திரம் விழுங்கியது. இரண்டு ஆள் என்று அமுக்கினான். ஒகயாமா என்பதற்கு மேலே விரல் நின்றது.

"இதை அமுக்கிட்டா," என்றான், "அப்புறம் நான் உனக்கு எதுவும் தரவேண்டியதில்ல. அப்படித்தானே?"

"போய்வந்தா. அப்படித்தான் பேச்சு."

"ம்."

பின்னால் ஒரு பெண் குடையை உதறினாள். கொமோரி ரத்துப் பொத்தானை அமுக்கினான். நோட்டு நாக்கு மாதிரி வெளியே வந்தது.

"அடுத்த வண்டியில போலாம்," என்றான். "இதுல கூட்டமா இருக்கும்."

"இருக்கும்," என்றேன்.

அடுத்த வண்டிக்கு முன்னால் பசித்தது. நின்றுகொண்டே சாப்பிடுகிற கடையில் ஆளுக்கொரு கிண்ணம் உதோன் நூடுல்ஸ். அவன்தான் காசு கொடுத்தான்.

"இதைக் கணக்குல கழிச்சுக்கலாமா?"

"எதுக்கு? அது வேற, இது வேற."

"அதுவும் சரிதான்." அவன் சூப்பைக் கடைசிச் சொட்டுவரை குடித்தான்.

அதற்கடுத்த வண்டிக்கு முன்னால் அவன் கழிவறை போனான். அதற்கும் அடுத்ததற்கு முன்னால் நான் போனேன். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, அறிவிப்புப் பலகையில் மேற்கே போகிற வண்டிகள் ஒவ்வொன்றாக மேலேறி மறைவதைப் பார்த்தோம். குதிரைப் பந்தயம் போல எது முந்தும் என்று சண்டை போட்டோம். ரயில்கள் எதுவும் ஒன்றையொன்று முந்தவில்லை. இருந்தாலும் அவன்தான் ஜெயித்ததாகச் சொன்னான்.

போகவேண்டாம் என்று நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் கதைக்கு நன்றாக இருந்திருக்கும். (இங்கே ஒரு வசனம் எழுதி வைத்திருந்தேன், 'நண்பா, உன்னைப் பிரிய' — அவன் அதைப் படித்தால் பல்லைக் கழற்றி எறிவான்.)

மாலை, நிலையத்துக் கடையில் உறைப் பணத்துக்குத் தினைமாவு உருண்டை வாங்கினோம். எல்லா ஊர்ப் பலகாரமும் அங்கேயே கிடைக்கிறது. ஒசாகாவைவிட்டு யாரும் நகரத் தேவையில்லை.

"எப்படி இருந்துச்சு ஒகயாமா?" என்றார் தகினோ அம்மா.

"மழை," என்றேன்.

"கோட்டை கறுப்பு," என்றான் கொமோரி.

அவர் பெட்டியைத் திருப்பி அடியில் ஒட்டியிருந்த ஒசாகா நிலையத்துக் கடை ரசீதைப் பார்த்தார். அதை உரித்துக் கசக்கி ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டார். "ருசியா இருக்கும்," என்றார். அவ்வளவுதான்.

மாசக் கடைசியில் கொமோரி தொத்தோரி போனான், பதினேழாயிரத்து அறுநூறு பாக்கியோடு. வாசலில், "பாக்கி இருக்கு, மறந்துடாத, வருவேன்," என்றான். இங்கே கதை முடிந்திருக்கலாம். முடித்தும் வைத்திருந்தேன். டீச்சர் அந்த முழுக் கதையையும் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார். அது எனக்குப் பிடிக்கவில்லை. யாரோ அழுகிற அளவுக்கு நல்ல முடிவு என்றால் அதில் ஏதோ பொய் இருக்கும். இருந்தது.

5

நேற்று மாலை தொலைபேசி வந்தது. எனக்குத் தனியாகப் போன் கிடையாது, தகினோ அம்மாவின் மேசையில் இருப்பதுதான்.

"உசுய், நான்தான். வேலை செய்யறேன்யா! தோப்புல பிஞ்சுக்கெல்லாம் காகிதப் பை மாட்டணும். ஒரு பைக்கு இவ்வளவுன்னு தங்கச்சி காசு தர்றா."

"ஏணியிலயா?"

"பின்ன, மரம் குனிஞ்சா நிக்கும்? முதுகுதான் ராத்திரி கெண்டை மீன் மாதிரி துள்ளுது. பரவால்ல. ஞாயித்துக்கிழமை முழுசாக் கொண்டாந்து உன் கையில எண்ணி வச்சிட்டுப் போயிடறேன். தங்கச்சி டெய்லி கேக்கறா, கடனை வச்சுக்கிட்டு என் வீட்டுல சோறு திங்கறியேன்னு."

எண்ணி வைத்துவிட்டுப் போயிடறேன். மேஸ்திரி சாயங்காலம் செய்வது அது.

அவனுக்கு எழுபத்தொன்று. அவன் திரும்பிவருவதற்கு ஒரு சாக்கு இருக்கட்டும் என்று நான் பத்திரப்படுத்திய பாக்கி அவனை ஏணியில் ஏற்றியிருந்தது. ஏணியிலிருந்து விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதை எழுதமாட்டேன்.

"ஏறாத," என்றேன். "கணக்கை அடிச்சிட்டேன்."

"என்னது?"

"நீ எனக்கு ஒண்ணும் தரவேண்டாம். தங்கச்சிகிட்ட சொல்லு. வேணும்னா போனைக் குடு, நானே சொல்றேன்."

"யாரைக் கேட்டு அடிச்ச?"

"குடுத்தவன் நான்."

"வாங்கினவன் நான்யா! என்னை ஒரு வார்த்தை கேக்க வேணாமா? உன் பாட்டுக்கு அடிச்சுட்டா எப்படி?"

"அடிச்சாச்சு."

போனில் காற்றுச் சத்தம் கேட்டது. தோப்பில் காகிதப் பைகள் ஆடுகிற சத்தமாகவும் இருக்கலாம். தகினோ அம்மா மேசையில் விரலைத் தட்டினார். போனுக்காகக் காத்திருப்பவர் போல முகத்தை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப ஞாயித்துக்கிழமை," என்றான் கொமோரி, "நான் என்னன்னு சொல்லிட்டு வர்றது?"

"ஒண்ணும் சொல்லாம வா."

"சும்மாவா?"

"சும்மாதான்."

அவன் ஒரு பதில் சொன்னான். அதை எழுதிப் பார்த்தேன், பிறகு அடித்துவிட்டேன். அவன் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் போனில் எதையும் சொல்லிவிடலாம், ஒகயாமா கோட்டை கறுப்பு என்றுகூட.

இன்று வெள்ளி. நாளை சனி, அதற்கப்புறம்தான் தெரியும். எழுதுகிறவன் நான் என்பதால் ஞாயிற்றுக்கிழமையை இப்போதே எழுதிவிடலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. எழுதவில்லை. வருவதும் வராததும் உங்கள் கையில் இருக்கட்டும். நான் முடித்தது ஒன்றுதான்: கொமோரி எனக்கு ஒரு யென்கூடத் தரவேண்டியதில்லை.